அளவுத் திட்டு

மண்வெட்டி களியில் இறங்கும்போது ‘சதக்’ என்று சத்தம் வரும். அதைத் திரும்ப இழுப்பதற்குள் உயிர் போய்விடும். களி விடாது. தோளும் இடுப்பும் குதிகாலும் சேர்ந்து இழுத்தால்தான் ஒரு கட்டி பெயரும். நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, சித்தூர்ப் புழையை ஒட்டிய வயலில், வானம் வெளுப்பதற்குள்ளேயே இந்தச் சத்தம் ஆரம்பித்துவிடும். ஆண்கள் வெட்டுவார்கள். பெண்கள் இரும்புச் சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றி, வழுக்கும் சரிவில் கால்விரலை ஊன்றி ஏறி, மேலே நிற்கும் டிராக்டரில் கொட்டுவார்கள். வெயில் ஏறினால் களி கல்லாகிவிடும். அதற்குள் அன்றைய கூலிக்கு வெட்டியாக வேண்டும்.

பர்மிட்டில் இதற்குப் பெயர் மீன் குளம். செங்கல் சூளை முதலாளி சிவப்பிரகாஷ் மீன் வளர்க்கப்போகிறாராம்; இடுப்பளவு ஆழத்துக்கு அனுமதி வாங்கியிருந்தார். குழி ஆளை மறைக்கும் ஆழத்துக்குப் போயும் ஒரு மீன் குஞ்சை யாரும் கண்டதில்லை. ஜேசிபியை இறக்கினால் சத்தம் கேட்டு ஊர் கூடிவிடும். ஈரக் களியில் சக்கரமும் புதையும். அதனால்தான் மனிதர்களை இறக்கியிருந்தார். மனிதர்கள் புதைந்தால் சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்திருப்பார்.

மருதாத்தாளும் அவள் புருஷன் ரத்தினசாமியும் ஒரு ஜோடி. அவன் வெட்ட, அவள் சுமக்க, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அதே வேலை. கரையோர மண்ணின் அடுக்குகள் அவர்கள் உடம்புக்குத் தெரியும். மேலே முழங்கால் அளவுக்கு வண்டல். கறுத்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிரும், நெல் விளைந்த மண். அதன் கீழே ஆளுயரக் களி. அதில் ஆணித் துரு நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். செங்கல்லுக்கு வேண்டியது இந்தக் களிதான். அதற்கும் கீழே ஆற்றுமணல். புழை எந்தக் காலத்திலோ இந்தப் பக்கமாக ஓடியபோது போட்டுவிட்டுப் போனது. அது எப்போதும் நீர் கோத்து நிற்கும்; கை வைத்தால் ஓடும்.

குழிக்குள் ஒவ்வொரு ஜோடியும் தன் பங்கு நிலத்தின் நடுவே ஒரு தூண் கனத்துக்கு மண்ணை வெட்டாமல் விட்டுவைக்கும். அதுதான் அளவுத் திட்டு. நிலம் முதலில் எந்த உயரத்தில் இருந்தது, எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். சனிக்கிழமை மேஸ்திரி வந்து திட்டின் தலையிலிருந்து அடிவரைக்கும் டேப் பிடிப்பான். அதை வைத்துத்தான் கூலி.

மேஸ்திரி டேப்பின் நுனியை எப்போதும் ஒரு சாண் கீழே தள்ளித்தான் பிடிப்பான். அது முதலாளி விசுவாசம். இவர்களும் சளைத்தவர்கள் அல்ல. வெட்டத் தொடங்கிய முதல் நாளே வரப்பிலிருந்து ஒரு சாண் கனத்துக்குப் புல்லோடு மண்ணைப் பெயர்த்து வந்து திட்டின் தலையில் பொருத்தி, தண்ணீர் தெளித்து, வேர் பிடிக்க வைத்துவிடுவார்கள். அதற்குத் ‘தொப்பி’ என்று பெயர். புழையின் இரு கரையிலும் எந்தச் சூளைக் குழியிலும் தொப்பி இல்லாத திட்டு கிடையாது. பெண்கள்தான் வைப்பார்கள், மருதாத்தாள் வைத்தால் ஒட்டு தெரியாது என்று கூட வேலை செய்கிற வனிதா கிண்டல் செய்வாள்.

அன்று விடியும்போதே சிவப்பிரகாஷின் கார் வரப்போரம் வந்து நின்றது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு குழியின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார்.

“ஏப்பா ரத்தினசாமி, களி போதும். அடியில மணலு தெரியுதல்ல? சுவத்துக்கு அடியில கொடைஞ்சு மணல எடு.”

ரத்தினசாமி நிமிர்ந்து, முகத்துச் சேற்றைப் புறங்கையால் வழித்தான். “ஏனுங்க மொதலாளி, அது ஓடற மண்ணுங்க. அடியில கொடைஞ்சா மேல இருக்கற களி அத்தனையும் தலைமேல வந்து உழுகுமுங்க.”

“நீ எனக்குப் பாடம் எடுக்கறயா? மணலுக்கு லாரி வந்து காத்துக்கிட்டு நிக்குது. இன்னையிலிருந்து களிக்குப் பாதிக் கூலி. மணலு எடுக்கறவனுக்குத்தான் முழுக் கூலி.”

“பாதிக் கூலிக்கு எப்பிடிங்க பொழைக்கறது?” சாந்தம்மாள் சட்டியை இறக்கி வைத்துக் கேட்டாள். குழியில் மூத்தவள் அவள்தான். வாயும் அவளுக்குத்தான் கூர்மை.

“பொழைக்க முடியலேன்னா அக்கட்டால போ. நாளைக்கே ஒடிசாக்காரன கொண்டாந்து எறக்கறேன்.”

யாரும் போகவில்லை. போக எங்கே இருக்கிறது? ரத்தினசாமி கடப்பாரையைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டு சுவரின் அடியில் குனிந்தான். முதல் சட்டி மணலை மருதாத்தாள் தலையில் தூக்கிவிட்டபோது, “பாத்து ஏறு புள்ள, சொதசொதன்னு இருக்குது” என்றான். அவன் அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அவள் பாதிச் சரிவு ஏறியிருப்பாள். பின்னால் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். திரும்பினாள். சுவரின் அடியிலிருந்து மணல் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் களிச்சுவர் ஒரே பலகையாகச் சாய்ந்தது. ரத்தினசாமி கத்தவில்லை. கத்த அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை.

மருதாத்தாள் சட்டியோடு உருண்டு கீழே விழுந்தாள். எல்லோரும் அங்கே பாய்ந்தார்கள். மண்வெட்டியால் வெட்டினால் ஆளை வெட்டிவிடுவோம் என்று பயம். கையால் பறித்தால் களி வரவில்லை. விரல் நகங்கள் பெயர்ந்தன. “தள்ளுங்கடி!” என்று கத்திக்கொண்டு வனிதா மண்வெட்டியை ஓங்கி இறக்கினாள். மூன்றாவது வெட்டில் அது எதிலோ மோதியது. அவள் மண்வெட்டியை உதறிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அது ரத்தினசாமியின் கெண்டைக்கால். எலும்பு தெரியும் அளவுக்குப் பிளந்திருந்தது. அதிலிருந்து ரத்தம் வரவில்லை. அப்போதே மருதாத்தாளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

வெளியே இழுத்துப் போட்டபோது நெஞ்சுக்கூடு ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. வாய் நிறைய மணல். மருதாத்தாள் அவன் தலையை மடியில் போட்டு, விரலை விட்டு மணலைத் தோண்டினாள். தோண்டத் தோண்ட மணல் வந்தது. பிறகு மணலோடு ரத்தம் வந்தது.

சிவப்பிரகாஷ் கீழே இறங்கவில்லை. மேலே நின்றபடியே பேசினார். “இத பாரு மருதாத்தா, ஆனது ஆச்சு. ஆத்துப் பள்ளத்துல திருட்டு மணலு அள்ளப் போனான், கரை சரிஞ்சுதுன்னு சொல்லீரு. அடக்கத்த நான் பாத்துக்கறேன். இங்க வேல செஞ்சான்னு மட்டும் வாயத் தொறக்காத.”

மருதாத்தாள் புருஷனின் தலையை மெதுவாகத் தரையில் வைத்தாள். எழுந்தாள். கீழே கிடந்த இரும்புச் சட்டியை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். அவள் அழுதுகொண்டு காலில் விழ வருகிறாள் என்றுதான் முதலாளி நினைத்திருக்க வேண்டும். சட்டியின் விளிம்பு அவர் புருவத்தைக் கிழித்தது. மடிப்புக் கலையாத சட்டையில் ரத்தம் கொட்டியது. மறு நொடி மேஸ்திரியின் கால் அவள் அடிவயிற்றில் விழ, வந்த சரிவிலேயே உருண்டு போய்ப் புருஷனுக்குப் பக்கத்தில் கிடந்தாள்.

அடுத்த இரண்டு நாளில் கதை மாறிவிட்டது. மீன் குளத்துக்கு இன்னும் வேலையே தொடங்கவில்லையாம்; அந்தப் பள்ளத்தை யாரும் வெட்டவே இல்லையாம். பெருவெள்ளம் வந்த வருஷம் புழை வயலுக்குள் புகுந்து அரித்துக்கொண்டு போன பள்ளமாம். அதில் இறங்கித் திருட்டு மணல் அள்ளியவன் மேல் கரை சரிந்ததாம். கூட வேலை செய்தவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்ட போலீஸ்காரர்கள், “எல்லாம் சொந்தக்காரங்கதானே” என்று எழுந்து போனார்கள். ஊருக்குள் இரண்டு கடையில் ரத்தினசாமி மணல் திருடனாகிவிட்டான். மூன்றாவது கடையிலும் ஆக அதிக நேரம் பிடிக்கவில்லை.

சாவை மருதாத்தாளால் தாங்க முடிந்தது. மண் வேலையில் சாவு எந்நேரமும் பக்கத்தில் நிற்பதுதான். ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வரப்பில் ஒரு மாங்காய் பொறுக்காதவனைத் திருடன் என்று சொல்லிப் புதைத்ததை அவளால் தாங்க முடியவில்லை. சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வனிதா மூச்சிரைக்க ஓடிவந்தாள். “அக்கா, ஜேசிபி எறக்கீட்டானுங்க! பள்ளத்துல சூளைச் சாம்பலும் ஒடசலும் கொட்டி ரொப்பறானுங்க. திட்டு ஒவ்வொண்ணா இடிக்கறானுங்க.”

“திட்டையா? அத எதுக்கு இடிக்கறான்?”

“மண்ணுப் பாக்கற ஆபீசரம்மா இன்னைக்கு வருதாம். கெணறு வத்துதுன்னு அக்கரைக்காரங்க பெட்டிசன் போட்டிருந்தாங்கல்ல, அதுக்கு. திட்டு நின்னா, நெலம் அந்த ஒயரத்துல இருந்துச்சு, ஆளு வெச்சு வெட்டுனதுதான்னு தெரிஞ்சு போயிருமல்லோ!”

மருதாத்தாள் எழுந்தாள். அடிவயிறு இன்னும் கன்றிப் போய்த்தான் இருந்தது. ஓடினாள். பின்னாலேயே ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரே ஒரு திட்டு மீதி இருந்தது. சுவர் சரிந்த இடத்துக்குப் பக்கத்தில், மற்ற எல்லாவற்றையும்விட ஆழத்தில் நின்ற மருதாத்தாளுடைய திட்டு. ஜேசிபி அதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் சரிவில் உட்கார்ந்து சறுக்கியே இறங்கி, திட்டை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். மற்றவர்களும் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள்.

மேஸ்திரியும் கூலிக்குப் பிடித்த நாலைந்து தடியர்களும் இரும்புக் கம்பியோடு இறங்கினார்கள். முதல் அடி சாந்தம்மாளின் தலையில் விழுந்தது. நரைத்த முடியின் நடுவே தோல் பிளந்து, ரத்தம் காதோரமாக இறங்கி ரவிக்கையை நனைத்தது. அவள் உட்காரவில்லை. “அடிடா! உன்ற ஆத்தாளையும் இப்பிடித்தான் அடிப்பயா?” என்று கேட்டுக்கொண்டே நின்றாள். வனிதாவைக் கூந்தலைப் பிடித்துக் கரி மூட்டைபோல் இழுத்தார்கள். அவள் இழுத்தவனின் மணிக்கட்டைக் கடித்துச் சதையோடு துப்பினாள். ஆண்கள் மண்வெட்டிக் காம்பால் திருப்பிக் கொடுத்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது; யாருடையது என்று அப்போது தெரியவில்லை. ஒரு கம்பி மருதாத்தாளின் முழங்கையில் இறங்கியது. கை தொங்கிப் போயிற்று. மற்றக் கையால் அவள் திட்டைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

“எடுறா வண்டிய! ஏத்து!” மேலே நின்று சிவப்பிரகாஷ் கத்தினார். புருவத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

ஜேசிபி ஓட்டுகிற டிஜோ மலையாளத்துப் பையன். இரும்பு வாளியின் பற்கள் மருதாத்தாளின் முகத்துக்கு ஒரு முழத்தில் வந்து நின்றன. அவன் என்ஜினை நிறுத்தினான்.

“ஆளு நிக்குது சாரே. எனக்கு முடியாது.”

சிவப்பிரகாஷ் பாய்ந்து இறங்கி வந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். முகத்தில் மிதித்தார். டிஜோ உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சாவியைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, போய் மருதாத்தாளுக்குப் பக்கத்தில் நின்றான்.

அந்த நேரத்தில்தான் ஆபீசரின் ஜீப் வரப்பில் வந்து நின்றது. கம்பிகள் முதுகுக்குப் பின்னால் போயின. சிவப்பிரகாஷ் சிரித்துக்கொண்டே முன்னால் போனார்.

ஆபீசர் நர்மதா அதிகம் பேசாதவர். ரத்தத்தைப் பார்த்தார், போலீசுக்குப் போன் செய்தார், சாந்தம்மாளின் தலையில் தன் துப்பட்டாவைச் சுற்றிக் கட்டினார். பிறகு கத்தியோடு திட்டுக்கு வந்தார். அதன் ஒரு பக்கத்தைச் சீவி எடுத்தார். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு கட்டி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாவாக இழுத்துப் பார்த்தார். அடி மணலை விரலிடுக்கில் தேய்த்துக் காதோரம் வைத்துக் கேட்டார். களியில் ஒரு சொட்டுத் திராவகம் விட்டதும் அது நுரைத்துப் பொங்கியது. “சுண்ணாம்புச் சத்து. கலைக்காத மண்ணு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வெள்ளம் வந்த வருஷங்கள் ஒவ்வொன்றும் மெல்லிய கோடாக அதில் படிந்திருந்தன. மருதாத்தாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் கொட்டியிருந்த உடைசல் குவியலில் ஏறித் திட்டின் தலைக்கு வந்ததும் நர்மதாவின் கத்தி நின்றது.

“இதென்ன? புல்லுக்கு அடியில இன்னொரு புல்லு மக்கிக் கிடக்கு?”

சிவப்பிரகாஷுக்கு வழி கிடைத்துவிட்டது. கைதட்டியே சிரித்துவிட்டார். “பாத்தீங்களா மேடம்! ராத்திரியோட ராத்திரியா மண்ணைக் குமிச்சு வெச்சுட்டு, வெட்டுன குழின்னு நாடகம் ஆடறாங்க. திட்டு மொத்தமும் இவங்க கட்டுனதுதான்.”

“மொத்தமும் இல்ல. கீழ இருக்கறது ஆறு படிய வெச்ச மண்ணு, அதை யாரும் கட்ட முடியாது” என்றார் நர்மதா. பிறகு கூட்டத்தைப் பார்த்தார். “ஆனா இந்த மேல் மண்ணு கொண்டுவந்து வெச்சது. யாரு, எதுக்கு வெச்சாங்கன்னு சொல்லணும். சொல்லலேன்னா, ஒரு சாண் பொய்யின்னா மிச்சமும் பொய்தானேன்னு நாளைக்கு இவரோட வக்கீல் கேப்பார். நான் பதில் சொல்ல முடியாது.”

மருதாத்தாள் தொப்பியைப் பார்த்தாள். சொன்னால் ரத்தினசாமி திருடன் இல்லை என்று ஆகும். சொன்னால், இரு கரையிலும் உள்ள அத்தனை சூளைக்காரனுக்கும் தொப்பி தெரிந்துபோகும். இத்தனை வருஷம் மேஸ்திரியின் டேப்புக்கு ஈடு கொடுத்த ஒரு சாண் எல்லோருக்கும் போய்விடும். தன் புருஷனுக்காக அத்தனை வீட்டுச் சோற்றிலும் கை வைக்க இவள் யார்?

அவள் வனிதாவைப் பார்த்தாள். வனிதா தலை குனிந்துகொண்டாள். சாந்தம்மாள்தான் பேசினாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

“என்ன புள்ள எங்க மூஞ்சியப் பாக்கறே? உன்ற புருசன் எங்களுக்கும் கூடப் பொறந்தவன்தான். சொல்லு.”

மருதாத்தாள் குவியல் வழியாகத் திட்டில் ஏறினாள். ஒற்றைக் கைதான் வேலை செய்தது. தொப்பியின் ஓரத்தில் விரலைக் கொடுத்து நெம்பினாள். அவள் வைத்த தொப்பி லேசில் வருமா! வேர் அறுகிற சத்தத்தோடு புல்லும் மண்ணும் பாளமாகப் பெயர்ந்தது. அதைத் தூக்கிச் சிவப்பிரகாஷின் காலடியில் போட்டாள்.

“இது நான் வெச்சது. உன்ற மேஸ்திரி டேப்ப ஒரு சாண் தாத்திப் புடிச்சான், நான் ஒரு சாண் ஏத்தி வெச்சேன். இது பொய்யி.” முதல்முறையாக அவள் பேச்சில் ‘ங்க’ இல்லை. “அதுக்குக் கீழ இருக்கறது பூராவும் நெசம். என்ற புருசன் வெட்டுனது. நீ வெட்டச் சொன்னது.”

தொப்பி போன இடத்தில் பழைய உழவு மண் தெரிந்தது. கறுப்பு வண்டல், அதில் நெல் தாளடியின் மக்கிய வேர்கள். பக்கத்து வயலின் மட்டத்துக்கு அது சரியாக இருந்தது. நர்மதா குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இது ஆறு அரிச்ச பள்ளம் இல்ல. ஆளு வெட்டினது” என்றார்.

“அறிக்கை போகட்டும் பாத்துக்கறேன்” என்று சிவப்பிரகாஷ் பல்லைக் கடித்தார். பிறகு கூட்டத்தை நோக்கி விரலை ஆட்டினார். “தொப்பியா வெக்கறீங்க? களவாணிக் கூட்டம்! இனி இந்தப் புழையோரத்துல ஒரு சூளையிலயும் உங்களுக்கு வேல கெடையாது.”

“மேலதிகாரி வந்து நேர்ல பாக்கணும்” என்று நர்மதா மருதாத்தாளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். “அதுவரைக்கும் இந்தத் திட்டு நிக்கணும். இடிச்சாலும் போச்சு, மழையில கரைஞ்சாலும் போச்சு. அப்புறம் என் பேச்சு மட்டும்தான் மிஞ்சும். அது பத்தாது.” அடிபட்டவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். சாந்தம்மாள் ஏற மறுத்துவிட்டாள். மருதாத்தாளும் ஏறவில்லை, வனிதா அவள் கையைச் சேலைத் துணியால் தூளி கட்டிவிட்டாள். போன் செய்தும் போலீஸ் இன்னும் வந்தபாடில்லை.

தெற்கே மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. கோடை மழை எப்போது வேண்டுமானாலும் இறங்கும். சிவப்பிரகாஷும் வானத்தைப் பார்த்தார். காரில் சாய்ந்து சிகரெட் பற்றவைத்தார். டிஜோ எறிந்த சாவியைத் தேடி எடுத்து வருமாறு மேஸ்திரியை அனுப்பினார். தடியர்கள் மறுபடி கம்பியை வெளியே எடுத்தார்கள். ஜீப் வளைவில் மறைந்துவிட்டது.

“அக்கா, அங்க பாரு” என்றாள் வனிதா.

அக்கரையில் வேறொரு முதலாளியின் குழி. அங்கே வெட்டுகிறவர்கள் காலையிலிருந்து வேலையை விட்டுவிட்டு இதையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். இந்தக் கரைப் பெண்கள் யாரோ புழையோரம் போய் விஷயத்தைக் கத்திச் சொல்லியிருக்க வேண்டும். சிவப்புச் சேலை கட்டிய ஒருத்தி தன் திட்டின் மேல் ஏறினாள். குனிந்தாள். தொப்பியைப் பிய்த்துக் கீழே உதைத்தாள். கொஞ்ச நேரம் அவள் மட்டும் அப்படியே நின்றாள். பிறகு பக்கத்துத் திட்டில் ஒருத்தி ஏறினாள். அதற்கடுத்ததில் ஒருவன். அவர்கள் மேஸ்திரி கையை ஆட்டிக் கத்துவது தெரிந்தது. சத்தம் இங்கே வரவில்லை. ஒவ்வொரு தொப்பியாக விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சனிக்கிழமைக் கூலியில் ஒவ்வொருவருக்கும் ஒரு சாண் போயிற்று.

மருதாத்தாளுக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. ஒரு கை தூளியில், மற்றக் கை திட்டின் மேல்; துடைக்கக் கை இல்லை. அப்படியே அழுதாள்.

அக்கரைக்காரர்கள் புழையில் இறங்கினார்கள். மண்வெட்டி தோளில் இருந்தது. சுடாத பச்சைச் செங்கல் மூடுகிற தார்ப்பாயை நாலு பேர் தலைக்குமேல் சுமந்து வந்தார்கள். முழங்கால் தண்ணீரில் ஆணும் பெண்ணுமாக வரிசை நீண்டுகொண்டே வந்தது. கடைசி ஆள் இன்னும் அக்கரை மணலில்தான் இருந்தான்.

முதல் மழைத்துளி மருதாத்தாளின் நெற்றியில் விழுந்தது. பின்னால் மேஸ்திரி சாவியைக் கண்டுபிடித்துவிட்டான். ஜேசிபி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நனைந்த ஆட்கள் சரிவில் திபுதிபுவென்று இறங்கி வந்தார்கள். தார்ப்பாய் திட்டின் மேல் விரிந்தது. அதைச் சுற்றித் தோளோடு தோள் ஒட்டி ஒரு வட்டம், அதற்கு வெளியே இன்னொரு வட்டம், டிஜோவின் வீங்கிய முகமும் அதில் இருந்தது.

“வனிதா, அந்த ஓரத்தப் புடி” என்றாள் மருதாத்தாள். “காத்து தூக்குது.”